கோப்பை உண்டு, ஊர் இல்லை: சென்னை சிட்டி எஃப்.சி.யின் வரலாற்றை எடைபோடுதல்

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்றது. தேசியக் கால்பந்து லீகான ஐ-லீகின் பட்டம் முதன்முறையாகத் தமிழ்நாட்டு அணி ஒன்றின் கைக்கு வந்தது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். நூறாவது ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஆனால் 2021-22 சீசன் தொடங்கியபோது ஐ-லீக் அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

இந்தச் சரிவைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் புழக்கத்தில் உள்ளன. சிறிய கிளப்பை இந்தியக் கால்பந்தின் அமைப்பே கொன்றுவிட்டது என்பது ஒன்று. நிர்வாகம் கைவிட்டதால் கிளப் அழிந்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைத் தொடாமல் விட்டுவிடுகின்றன: கிளப் மறைந்தபோது அதை மீட்க ஏன் யாரும் எழவில்லை? புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசல் போன்ற ஒரு பேரூராட்சியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் தோன்றும். இந்தப் பக்கத்தில் ஒரு விளையாட்டு நின்றுபோனால் ஊரே கூடிப் பேசும். அடுத்த ஆண்டு எப்படியாவது நடத்தியே தீரும். ஒரு மாநிலத்தின் சாம்பியன் அணி நின்றுபோனதற்கு அப்படி ஒரு கூட்டம்கூட ஏன் கூடவில்லை என்பதை விளக்காத எந்தத் தீர்ப்பும் எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

ஒரு கால்பந்து கிளப்பின் வரலாற்றை நான்கு அளவுகளால் நிறுக்கலாம். களத்தில் எப்படி ஆடியது? எத்தகைய ஆட்டக்காரர்களை உருவாக்கியது? பணமும் உடைமையும் யார் கையில் இருந்தன? கடைசியாக, அது எந்த ஊருக்குச் சொந்தமாக இருந்தது? இந்த நான்காவது அளவை இங்கிலாந்தின் ‘நான்-லீக்’ கிளப்புகளிடம் இருந்து எடுத்துக்கொள்கிறேன். அந்த நாட்டில் மேலே உள்ள நான்கு டிவிஷன்களில் 92 கிளப்புகள் ஆடுகின்றன. அவற்றுக்குக் கீழே, படிப்படியாக இறங்கும் லீகுகளில், ஊருக்கு ஊர் ஆடுகிறவையே நான்-லீக் கிளப்புகள். 1857இல் தொடங்கி, உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப் என்று ஏற்கப்பட்ட ஷெஃபீல்டு எஃப்.சி. இன்றும் அந்தக் கீழ் லீகுகளில்தான் ஆடுகிறது. பெரிய கோப்பையோ பெரும்பணமோ இல்லாமல் இத்தகைய கிளப்புகள் எதை வைத்து நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் நிற்கின்றன என்று கேட்டால், கிளப் என்பதன் எலும்புக்கூடு எது என்று தெரிந்துவிடும்.

களம்

களத்துக் கணக்கில் சென்னை சிட்டிக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்க வேண்டும். 2016-17இல் ஐ-லீகில் நுழைந்த அணி, முதல் இரண்டு சீசன்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் முடித்தது. 2018-19க்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிவந்த பெத்ரோ மான்சி, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டில்லோ, ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் வந்தார்கள். பெரிய பெயர்களுக்குப் பணத்தைக் கொட்டாமல், தன் ஆட்ட முறைக்குப் பொருந்துகிறவர்களைத் தேடிப் பிடித்த அணி அது. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு குறுகிய பாஸ்களால் முன்னேறும் ஆட்டத்தை அது ஆடியது. மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்து, சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

கடைசி நாள் ஆட்டமே அந்த அணியின் மனவுறுதிக்குச் சான்று. தொடக்கத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவுடன் ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி சறுக்கினால் பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும் நிலை. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பின்கள வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை வென்றும் ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தது. அடுத்த மாதம் சூப்பர் கோப்பையில், அப்போதுதான் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பட்டம் வென்றிருந்த பெங்களூரு எஃப்.சி.யைத் தோற்கடித்து அரையிறுதிவரை போனது சென்னை சிட்டி. ஐ-லீக் என்பது தரம் குறைந்த லீக், அதை வென்றதில் பெருமை இல்லை என்பவர்களுக்கு அந்த ஒரு முடிவே போதுமான பதில்.

இதிலும் ஒரு குறையைப் பதிவு செய்யத்தான் வேண்டும். அணியின் முதுகெலும்பு வெளிநாட்டு ஒப்பந்தங்களில் நின்றது. 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அவருடைய இடத்தைக் கடைசிவரை நிரப்ப முடியவில்லை. கோவிட்டால் இடையில் நின்ற 2019-20 சீசனில் நடப்பு சாம்பியன் பட்டப் போட்டியிலேயே இல்லை. சிறந்த ஆட்டம் ஒரு சீசனுக்குக் கைகூடியது. அதை அடுத்த சீசனுக்கு எடுத்துச் செல்லும் அடித்தளம் உருவாகவில்லை.

ஆட்டக்காரர்கள்

இரண்டாவது அளவில்தான் சென்னை சிட்டியின் உண்மையான கொடை இருக்கிறது என்பது என் கணிப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையில் இருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டிக்கு ஆடி 2017-18 ஐ-லீகின் சிறந்த நடுக்கள வீரராகத் தேர்வானார்; பிறகு ஜாம்ஷெட்பூருக்கும் ஏ.டி.கே.வுக்கும் போனார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் இருவரும் பட்டம் வென்ற அணியில் ஆடினார்கள்; வான்ஸ்பால் 2019இல் சென்னையின் எஃப்.சி.க்கும், ஜேசுராஜ் 2020இல் எஃப்.சி. கோவாவுக்கும் எடுக்கப்பட்டார்கள். நந்தகுமார் சேகர் இந்தக் கிளப்பின் முதல் ஐ-லீக் அணியில் இருந்தவர். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றபோது அந்த ஒரே கோலை அடித்தவர் அவர்தான். கொல்கத்தா டெர்பியில் ஆண்டுக்கணக்கில் நீண்ட தோல்வி வரிசை அதோடு முடிந்தது.

இதன் பொருள் தமிழ்நாட்டுக் கால்பந்தை அறிந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். இங்கே திறமையான ஒரு பையனின் முன்னால் நீண்ட காலமாக ஒரே பாதைதான் இருந்தது: விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று அலுவலக அணிகளே சென்னை லீகை ஆண்டன. தேசிய லீகின் காலத்தில் தமிழ்நாட்டின் முகமாக நின்றதும் இந்தியன் வங்கி அணிதான். அந்த அணிகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் இல்லை. ஆனால் நிரந்தர வேலை கிடைத்த பிறகு ஆட்டத்தில் மேலே மேலே போவதற்கான கட்டாயம் குறைந்துவிடும். அலுவலக அணிக்கு ஊர் கிடையாது. ரயில்வே பணியாளர் அணி தோற்றால் வருந்துவதற்கு ஒரு தெரு கிடையாது. சென்னை சிட்டி தமிழ்நாட்டுப் பையன்களுக்கு மற்றொரு கதவைத் திறந்தது: தேசிய லீகில் ஆடு, கண்ணில் படு, சம்பளத்தோடு மேலே போ. ஐந்தே சீசன்களில் அத்தனை பேரை அனுப்பிய வேறொரு தமிழ்நாட்டு கிளப்பை என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் கதவு அடைபட்டதே இந்தக் கதையின் மிகப் பெரிய இழப்பு; கோப்பை இரண்டாம்பட்சம்.

பணமும் உடைமையும்

மூன்றாவது அளவில் தராசு மறுபக்கம் சாய்கிறது. இந்தக் கிளப்பின் வேர் 1946இல் தொடங்கிய நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். இந்திய தேசிய ராணுவ வழக்குகள் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த காலம். மலாயாவில் இருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்களின் நினைவு சூடாக இருந்த நேரம். அந்தப் பெயரோடு ஒரு கிளப் பிறந்தது இயல்பு. எழுபது ஆண்டு அது சென்னை வட்டாரத்துக் கிளப்பாகவே இருந்தது. 2016 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு விண்ணப்பம் கோரி, சென்னை சிட்டியையும் மினர்வா பஞ்சாபையும் ஐ-லீகுக்குள் நேரடியாகச் சேர்த்தது. 2017 ஜனவரியில் சீசன் தொடங்கிவிட்டது. ஒரு கிளப் தேசிய மேடைக்கு ஏற இடையில் கிடைத்தவை சில வாரங்களே.

படியேறி வருகிற கிளப் ஒவ்வொரு படியிலும் எதையோ கற்றுக்கொள்கிறது: டிக்கெட் விற்க, உள்ளூர்க் கடைக்காரரிடம் விளம்பரம் கேட்க, பதினான்கு வயதுப் பையன்களுக்கு அணி நடத்த, தோற்ற சீசனிலும் கூட்டத்தைப் பிடித்துவைக்க. நேரடியாகச் சேர்க்கப்பட்ட கிளப் இவை ஒன்றையும் கற்காமலே செலவுகளை மட்டும் ஏற்கிறது. காஷ்மீரில் இருந்து மணிப்பூர்வரை பயணம், வெளிநாட்டு ஒப்பந்தம், அரங்க வாடகை, உரிமத்துக்கான நிபந்தனைகள் என்று அத்தனையும் ஓர் உரிமையாளரின் தோளில் ஏறின. தொலைக்காட்சிப் பணம் என்று சொல்லும்படி எதுவும் கிளப்புகளுக்கு வரவில்லை.

அடுத்து, இடமாற்றம். முதல் சீசனைச் சென்னை ஜவஹர்லால் நேரு அரங்கில் ஆடிய கிளப், 2017-18இல் கோவைக்குப் போனது. பெயர் சென்னை, வீடு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி. சென்னையில் ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி. ஏற்கனவே அரங்கையும் ரசிகரையும் பிடித்துவிட்டதால் இந்த முடிவு வணிகக் கணக்கில் நியாயமே. கோவை மக்கள் அணியை அன்போடு ஏற்றார்கள். பட்டம் வென்ற மாலையில் அரங்கம் அதைக் காட்டியது. ஆனால் ஒரு நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு இன்னொரு நகரத்தில் ஆடும் அணி இரண்டுக்குமே முழுதாகச் சொந்தமாவதில்லை. இங்கிலாந்தில் 2002இல் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் அதே ஆண்டு ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கிளப்பைத் தொடங்கி, அடிமட்ட லீகில் இருந்து ஏறி, 2011இல் நான்காவது டிவிஷனுக்குள் வந்துவிட்டார்கள். சென்னை சிட்டி சென்னையை விட்டுப் போனபோது சென்னையில் அப்படி ஓர் எதிர்ப்பு எழவில்லை. உரிமையாளரின் குற்றமாக இதை நான் வைக்கவில்லை. எழுபது ஆண்டுக் கிளப் ஒன்றுக்கு அதன் சொந்த நகரத்தில் எழுந்து நிற்க ஆள் இல்லை என்பதன் அடையாளமாகக் காண்கிறேன்.

2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் 26 சதவீதப் பங்கை எடுத்தது. ஐரோப்பியக் கிளப் ஒன்று தமிழ்நாட்டு அணியில் முதலிடுவது பெரிய செய்தியாயிற்று. அந்த உறவு நிலைக்கவில்லை. 2020-21 சீசன் முழுவதும் மேற்கு வங்கத்தில், பார்வையாளர் இல்லாத மைதானங்களில் நடந்தது. சென்னை சிட்டி பட்டியலின் அடிப்பகுதியில் முடித்தது. சம்பளப் பாக்கி பற்றி வீரர்கள் வெளிப்படையாகப் புகார் சொன்னார்கள். அதன் பிறகு ஐ-லீகில் அந்த அணி ஆடவில்லை.

அமைப்பு கொன்றதா?

இப்போது கிளப்பின் பக்கத்து வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல்., அப்போது ஏற்றமும் இறக்கமும் இல்லாத உரிமப் போட்டி. ஐ-லீகை வென்ற அணி அதற்குள் போக வழி இருக்கவில்லை. சென்னை சிட்டி பட்டம் வென்ற அதே 2019இல், அக்டோபரில், ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று முடிவாயிற்று. ஏற்றத்துக்கான கதவு 2022-23 சீசனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதாவது, சாம்பியனான சில மாதங்களில் அந்த அணி இரண்டாம் நிலை லீகின் அணியாகிவிட்டது. வென்றதற்குப் பரிசு கீழிறக்கம். விளம்பரதாரர் எப்படி வருவார்? பாசெல் எதற்காகத் தங்க வேண்டும்? ஆசியப் போட்டியும் கைகொடுக்கவில்லை. ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியுடன் 2020 ஜனவரியில் மோதியபோது ‘சொந்த மைதானம்’ அகமதாபாதில் இருந்தது. சென்னை சிட்டி 0-1 என்று தோற்றது. அதே ஆண்டின் ஏ.எஃப்.சி. கோப்பையைக் கோவிட் விழுங்கியது.

இந்த வாதம் கனமானது, பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இதை முழுத் தீர்ப்பாக்க விடாமல் ஓர் அணி தடுக்கிறது: மினர்வா பஞ்சாப். சென்னை சிட்டியோடு அதே நேரத்தில், அதே நேரடி வழியில் ஐ-லீகுக்குள் வந்த அணி அது. 2017-18 பட்டத்தை வென்றதும் அதுவே, அதற்கும் ஐ.எஸ்.எல். கதவு திறக்கவில்லை. அதுவும் கோவிட்டைச் சந்தித்தது. ஆனால் அதற்கு மொஹாலியில் ஓர் அகாதெமியின் பின்புலம் இருந்தது. இளம் வீரர்களை உருவாக்கி அனுப்பும் பழக்கம் இருந்தது. நிறுவனர் விலகியபோது ரவுண்ட்கிளாஸ் என்ற புது உரிமையாளர் வாங்குவதற்கு அங்கே ஒரு பொருள் இருந்தது. 2022-23 ஐ-லீகை வென்று, பஞ்சாப் எஃப்.சி. என்ற பெயரில், ஐ-லீகில் இருந்து ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் அணியானது. 2019 மார்ச் 9 அன்று கோவையில் தோற்ற அதே அணி. அமைப்பு இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை. ஆகவே அமைப்பு காயப்படுத்தியது, கொல்லவில்லை என்பதே சரி. காயத்தைத் தாங்கும் உடம்பு ஒன்றுக்கு இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை.

மேலே இருந்து கட்டிய அமைப்பின் பலவீனம் பிறகு ஐ.எஸ்.எல்.லையும் விடவில்லை. ஒப்பந்தச் சிக்கலால் 2025 ஜூலையில் அந்த லீகின் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு கையெழுத்தில் தொடங்கிய லீக் இன்னொரு கையெழுத்து இல்லாமல் நின்றது.

ஸ்கார்பரோ சொல்வது

பிழைக்காத கிளப்பைப் பிழைத்த கிளப்போடு மட்டும் ஒப்பிடுவது போதாது. இறந்த கிளப் ஒன்றோடும் ஒப்பிட வேண்டும். வடகிழக்கு இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவின் கிளப் 1879இல் தொடங்கியது. நான்-லீக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. டிராஃபியை 1973, 1976, 1977 என மூன்று முறை வென்றது. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் மேல் லீகின் கதவு பூட்டியே இருந்தது: நான்-லீக் சாம்பியனானாலும், மேலே உள்ள கிளப்புகள் வாக்களித்து ஏற்றால்தான் இடம். 1986-87இல் தானாக ஏறும் முறை வந்தது. அந்த சீசனில் நீல் வார்னாக்கின் கீழ் சாம்பியனாகி அப்படி ஏறிய முதல் கிளப் ஸ்கார்பரோ. கதவு திறந்த நேரத்தில் வென்ற அதிர்ஷ்டம் அதற்கு; மூடியிருந்த நேரத்தில் வென்ற துரதிர்ஷ்டம் சென்னை சிட்டிக்கு.

அந்த அதிர்ஷ்டம் ஸ்கார்பரோவைக் காப்பாற்றவில்லை என்பதுதான் பாடம். 1999இல் கடைசி நாளில், கார்லைல் அணியின் கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் கூடுதல் நேரத்தில் முன்னால் ஓடிவந்து அடித்த கோலால், ஸ்கார்பரோ மீண்டும் நான்-லீகுக்கு இறங்கியது. 2004இல் எஃப்.ஏ. கோப்பையில் செல்சியிடம் ஒரே கோலில் தோற்ற பெருமையும் அதைக் கரையேற்றவில்லை. கடன் சேர்ந்துகொண்டே போயிற்று. மைதானத்தை விற்றுக் கடனை அடைக்கப் பார்த்தார்கள். அந்த நிலம் விளையாட்டுக்கு மட்டுமே என்ற பத்திர நிபந்தனை குறுக்கே நின்றது. 2007 ஜூனில் நீதிமன்றம் கிளப்பைக் கலைத்தது. ஆங்கிலேய நான்-லீக் ஒரு சொர்க்கம், அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நம்புகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்க வேண்டும். அங்கேயும் நிர்வாகம் தவறும், கடன் மிஞ்சும், நூற்றிருபத்தெட்டு வயதுக் கிளப் சாகும்.

வேறுபாடு சாவுக்குப் பிறகு. அதே கோடையில் ரசிகர்கள் ஒன்றுகூடி ஸ்கார்பரோ அத்லெடிக் என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். உடைமை ரசிகர் அமைப்பின் கையில். பல படிகள் கீழே உள்ள வட்டார லீகில் ஆட இடம் கிடைத்தது. சொந்த ஊரில் மைதானம் இல்லாததால் பத்து ஆண்டுகள் பக்கத்து ஊரான பிரிட்லிங்டனில் ஆடினார்கள். 2017இல் ஊருக்குத் திரும்பினார்கள். 2022இல் நேஷனல் லீக் நார்த் வரை ஏறினார்கள். பத்து ஆண்டு, சொந்த ஊருக்கு வெளியே, கோப்பை எதுவும் எதிர்பாராமல், சனிக்கிழமை தோறும் பக்கத்து ஊருக்குப் போய் வந்த அந்தக் கூட்டத்தின் பெயர்தான் கிளப். கம்பெனி செத்தது; கிளப் சாகவில்லை.

அவர்களிடம் இருந்தவை மூன்று: கிளப் எங்களுடையது என்ற உணர்வு, அதைச் சட்டப்படி நடத்தும் வடிவம், புதிதாகத் தொடங்குகிறவர்களை ஏற்கும் அடிமட்ட லீக். கோவையிலும் சென்னையிலும் முதலாவது சிறிது இருந்தது. மற்ற இரண்டும் இல்லை. கோவை ரசிகர் ஐந்நூறு பேர் 2021இல் கூடி ஓர் அணியைத் தொடங்க நினைத்திருந்தால், அதை ஐ-லீக்வரை ஏற்றிச் செல்லும் தெளிவான படிக்கட்டை அவர்களுக்கு யார் காட்டியிருக்க முடியும்?

அன்னவாசலில் இருப்பது

தமிழர்களுக்குக் கிளப் பண்பாடு இல்லை, கிரிக்கெட்டைத் தவிர எதற்கும் கூட்டம் வராது என்று இந்த இடத்தில் ஒரு வாதம் வரும். இதை நான் மறுக்கிறேன். அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை வட்டாரத்தைப் பாருங்கள். ஜல்லிக்கட்டு நடத்தும் விழாக் குழு என்பது என்ன? ஊர்ப் பொது இடத்தைக் காக்கிறது. வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கிறது. கணக்கை ஊருக்கு முன் ஒப்பிக்கிறது. ஆட்சியரிடம் அனுமதி வாங்கி, கால்நடை மருத்துவர் சோதனை, தடுப்பு வேலி, ஆம்புலன்ஸ் என்று அரசின் விதிகள் அத்தனையையும் நிறைவேற்றுகிறது. வெளியூர்க் காளைகளுக்கும் மாடுபிடி வீரர்களுக்கும் இடம் கொடுக்கிறது. பரிசுக்கு உள்ளூர் வியாபாரி, வெளிநாட்டில் வேலை பார்க்கிற பையன் என்று ஆள் பிடிக்கிறது. கோயில் திருவிழாவை ஒட்டி விடியவிடிய நடக்கும் கபடிப் போட்டிகளிலும் இதே ஏற்பாடுதான். ஆங்கில நான்-லீக் கிளப்பின் நிர்வாகக் குழு செய்கிற வேலைகளை இந்தக் குழுக்கள் தலைமுறைகளாகச் செய்துவருகின்றன.

2017 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். சென்னை சிட்டி தன் முதல் ஐ-லீக் சீசனைத் தொடங்கிய அதே மாதத்தில், ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள், சட்டமே திருத்தப்பட்டது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. பல நூற்றாண்டு மரபையும் ஐந்து சீசன் அணியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் தனது என்று கருதும் விளையாட்டுக்காகத் தமிழ்ச் சமூகம் எந்த அளவுக்கு எழும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். எழும் ஆற்றல் இல்லாமல் போகவில்லை. கால்பந்து அதன் பாதையை அந்த ஆற்றலின் வழியே போடவில்லை.

கால்பந்திலும் ஊர் உள்ள இடத்தில் விளைச்சல் இருக்கிறது. குமரிக் கடற்கரைக் கிராமங்கள் மாநில அணிக்கு ஆண்டுதோறும் ஆட்டக்காரர்களைத் தருகின்றன. 2019 மே மாதம் இந்தியப் பெண்கள் லீக் இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்ற மதுரையின் சேது எஃப்.சி., சென்னை சிட்டி மறைந்த பிறகும் அந்த லீகில் தொடர்ந்து ஆடியது. இரண்டு மாத இடைவெளியில் தமிழ்நாட்டுக்கு வந்த இரண்டு தேசியப் பட்டங்களில், விளம்பரமும் வெளிநாட்டு முதலீடும் இல்லாத பெண்கள் அணியே நீடித்தது என்பதை நம் விளையாட்டு எழுத்து இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

என் வாதத்துக்கு எதிராக நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஊர்க் குழுக்களுக்குள் சாதி உண்டு. யாருடைய மைதானம், யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டை உண்டு. பெண்களுக்கு அவற்றில் இடம் மிகக் குறைவு. அந்தக் குழுவை அப்படியே கால்பந்து கிளப்பாக மாற்றினால் அந்த நோய்களும் கூடவே வரும். இது சரியான எச்சரிக்கை. அதனால்தான் பதிவு செய்த சங்கம், திறந்த உறுப்பினர் பட்டியல், ஆளுக்கு ஒரு வாக்கு, தணிக்கை செய்த கணக்கு என்ற சட்ட வடிவம் தேவை. ஊரின் உழைப்பை எடுத்துக்கொண்டு ஊரின் கதவைத் திறக்கச் செய்யும் வடிவம் அது.

தீர்ப்பு

களத்துக்கு முழு மதிப்பெண்ணை ஒட்டிய மதிப்பெண். ஆட்டக்காரர்களை உருவாக்கியதற்கு அதைவிடக் கூடுதல். நிதி நிர்வாகத்தில் தோல்வி. அமைப்பின் அநீதி அந்தத் தோல்வியைத் தணித்துக் காட்டும், நீக்காது. சம்பளம் கொடுக்காத கிளப்புக்கு எந்த வரலாறும் மன்னிப்பு வழங்கக் கூடாது. ஆட்டக்காரனின் உழைக்கும் காலம் பத்து, பன்னிரண்டு ஆண்டுதான். ஊர் என்ற நான்காவது அளவில் அது தேர்வே எழுதவில்லை. ஆகவே என் தீர்ப்பு இது: 2019இன் சென்னை சிட்டி, தமிழ்நாடு கண்ட மிகச் சிறந்த கால்பந்து அணிகளில் ஒன்று, கிளப் என்ற நிலையை அது எட்டவே இல்லை. 1946இல் பிறந்த நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் மெதுவாக அதை நோக்கிப் போயிருக்கலாம். 2016இன் நேரடி அனுமதி அந்த வாய்ப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. பொறுப்பின் பெரும்பங்கு உரிமையாளரைவிட, படிக்கட்டு கட்டாமல் மாடியில் இடம் விற்ற கூட்டமைப்புக்கே.

இந்தத் தீர்ப்பில் இருந்து செய்ய வேண்டியதும் கிடைக்கிறது. மாநிலக் கால்பந்து சங்கமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் இன்னொரு முதலாளியைத் தேடி அலைய வேண்டாம். மாவட்ட லீகை ஆண்டுதோறும் தேதி மாறாமல் நடத்தட்டும். பேரூராட்சிக்கு ஒரு மைதானத்தை விளையாட்டுக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு எழுதிவைக்கட்டும். மாவட்டத்தில் வென்றால் மண்டலம், மண்டலத்தில் வென்றால் மாநிலம், மாநிலத்தில் வென்றால் தேசிய மூன்றாம் டிவிஷன் என்ற வழியை ஒவ்வொரு ஊருக்கும் எழுத்தில் கொடுக்கட்டும். அன்னவாசலில் இருந்து ஒரு கிளப் ஐ-லீகை எட்டாமலே போகலாம். பெரும்பாலான நான்-லீக் கிளப்புகளும் எதையும் எட்டியதில்லை. ஆனால் இலுப்பூரோடு ஆண்டுக்கு இரண்டு முறை மோதி, கணக்கை ஊருக்கு ஒப்பித்து, முப்பது ஆண்டு நின்ற ஒரு கிளப், ஒரே சீசனில் நாட்டை வென்று மறைந்த அணியைவிடத் தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அதிகம் செய்திருக்கும்.